கயிறும் கண்ணும்

பிச்சாவரத்துக் கால்வாய்களுக்குள் படகில் போகிறவர்களிடம் துடுப்புப் போடுகிறவர் ஒரு மரத்தைக் காட்டி, கை வைக்க வேண்டாம் என்று சொல்வதுண்டு. தில்லை மரம். கிளையை ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போய்விடும். கண்ணைக் குருடாக்குவது என்ற பொருளிலேயே ஆங்கிலத்தில் இந்த மரத்துக்கு ஒரு பெயர் வழங்குகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இதனால்தான். நடராஜர் கோயிலுக்குத் தல விருட்சமும் இதுதான். ஊருக்குள் அந்த வனம் இல்லாமல் போய் வெகு காலமாகிவிட்டது. வெள்ளாற்றின் முகத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துக்கும் இடையில், சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்புக் காட்டில், சுரபுன்னைகளோடு ஒதுங்கி நிற்கிறது.

சென்ற ஆண்டு தை மாதத்தில் அந்தப் படகில் என்னோடு வந்தவர் என் பழைய சகா. கிள்ளைக்காரர். பார்வையில்லாதவர். துடுப்புக்காரர் மேற்படி எச்சரிக்கையைச் சொன்னதும், "எனக்கென்னப்பா, நான் தொடலாம்" என்றார். துடுப்புக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவர் வேலையை விட்டுப் போவதற்கான அலுவலகக் குறிப்பை 1998-இல் எழுதியவன் நான்.

ஒரு தனிமனிதனின் குற்ற உணர்ச்சி வாசகனுக்கு எந்த விதத்திலும் முக்கியமானதல்ல. அதை வளர்த்திச் சொல்லப் போவதில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறொரு கேள்வி. அன்று நாங்கள் செய்ததைக் கருணையோடுதான் செய்தோம். பாசாங்கு எதுவும் இல்லை. இன்று அது அநியாயம் என்று தெரிகிறது. அப்படியானால் உண்மையான கருணையோடு செய்த ஒரு காரியம் அநியாயமாக இருப்பது எப்படி சாத்தியமாகிறது?

நடந்தது இதுதான். கடலூரில் ஓர் ஆபீஸ். எது என்பது வேண்டாம். அந்த நாட்களில் எந்த ஆபீஸாகவும் இருந்திருக்கலாம். அவர் அங்கே தட்டச்சர். 22 வருட சர்வீஸ். கண்ணில் அழுத்தம் கூடி, ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வருகிற நோய் அவருக்கு. 1997 முடிகிறபோது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. சில மாதங்கள் அவர் வேலையை நாங்களே பங்குபோட்டுச் செய்தோம். பிறகு மேலே இருந்து கேள்வி வந்தது. பிரிவுக் கண்காணிப்பாளன் என்ற முறையில் நான் குறிப்பு எழுதினேன். மருத்துவக் காரணங்களால் இவர் இனிப் பணியாற்ற இயலாத நிலையில் இருப்பதாலும், அலுவலக நலனைக் கருதியும், விருப்ப ஓய்வு பெற அறிவுறுத்தலாம் என்று. டீக்கடைக்கு அழைத்துப்போய், பென்ஷன் எவ்வளவு வரும், கையில் எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு அவர் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். வழியனுப்பு விழாவில் எல்லோரும் பேசினார்கள். இரண்டு பேர் அழுதார்கள். சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தோம். பார்வையில்லாதவருக்குச் சுவர்க் கடிகாரம் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை.

வேறொன்றும் யாருக்கும் தோன்றவில்லை. தட்டச்சுத் தெரிந்தவன் விசைகளைப் பார்த்து அடிப்பதில்லை. பார்க்காமல் அடிப்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடமே. அவர் கண்கள் போனதால் அவருடைய பத்து விரல்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. போனது வரைவுகளைப் படிக்கிற சக்தி மட்டும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருந்தால் அவர் அடித்துக்கொண்டே போயிருப்பார். நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த ஆபீஸ் அது. அந்தப் பேச்சில் ஒரு மணி நேரத்தை வாசிப்பாக மாற்றிக்கொள்வதுதான் தேவைப்பட்டது. ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. கூட்டாக, நல்ல மனதோடு, இருபது பேர் ஒரே சமயத்தில் முட்டாளாக இருப்பதற்கு ஒரு பண்பாட்டின் உதவி தேவை.

சட்டம் அப்போதே இருந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 1996 பிப்ரவரி 7 முதல் அமலில் இருந்தது. அதன் 47-ஆவது பிரிவு சந்தேகத்துக்கு இடமில்லாதது. வேலையில் இருக்கும்போது ஊனமடைகிற ஊழியரை அரசு நிறுவனம் எதுவும் விலக்கக் கூடாது. பதவியிறக்கம் செய்யக் கூடாது. பார்த்த வேலைக்குப் பொருந்தாதவராகிவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஓர் உபரிப் பணியிடத்தை உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். 2016-இல் வந்து 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. எங்கள் ஆபீஸில் அந்தப் பிரிவைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை. தேடாமலிருந்ததற்குக் காரணம், சட்டம் நுழைய வேண்டிய விஷயமாக இது எனக்குப் படவே இல்லை. வியாதி, விதி, குடும்பம், இரக்கம் என்ற தளத்தில் இது இருந்தது. அந்தத் தளத்தில் யாரும் சட்டப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

அவராகத்தானே கையெழுத்துப் போட்டார் என்ற சமாதானம் சில வருடங்கள் எனக்கு உபயோகப்பட்டது. பிறகு அதுவும் போயிற்று. பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேனாக இருந்த பகவான் தாஸ் என்பவருக்கு 1994-இல் முழுமையாகப் பார்வை போனது. தம்மை விடுவித்துவிடும்படி அவரே எழுதிக் கொடுத்தார். வாரியம் அதை ஏற்றுக்கொண்டது. 2008-இல் உச்ச நீதிமன்றம் இதை விருப்ப ஓய்வு என்று ஏற்க மறுத்தது. தமக்குள்ள பாதுகாப்பை அறியாமல் ஒருவர் எழுதிக் கொடுத்ததை அவருடைய விருப்பமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பாதுகாப்பை அவருக்கு எடுத்துச் சொல்வது அதிகாரிகளின் கடமையாக இருந்தது என்றது. ஐந்து வருடங்களுக்கு முன்பு, காலை இழந்த காவலர் குணால் சிங்கின் வழக்கில், இயலாமைப் பென்ஷன் வாங்கிக்கொண்டார் என்பதற்காக ஒருவர் 47-ஆவது பிரிவின் பாதுகாப்பை இழந்துவிடுவதில்லை என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. பென்ஷன் கொடுத்தோம், அவரே கேட்டார் என்ற எங்களுடைய இரண்டு நியாயங்களும் இப்படி உதிர்ந்துவிட்டன. விருப்பம் என்ற சொல்லை நான் இப்போது சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் வழியாகப் போகிறவனை விரும்பிப் போகிறான் என்று எழுதுவது எளிது.

படகுக்குப் போவதற்கு முன்னால் அன்று காலை சிதம்பரம் கோயிலுக்குப் போயிருந்தோம். ஆயிரங்கால் மண்டபத்தின் பக்கம் வந்தபோது, சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றிய இடம் இது என்று வழக்கமாக எல்லோரும் சொல்வதை நானும் சொன்னேன்.

"தண்டியடிகள் கதை தெரியுமா ஸார்?" என்றார்.

"கண் கிடைத்த கதைதானே?"

"கயிறு கட்டின கதை ஸார்."

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இவர் அந்தக் கதையை வேறு விதமாகப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கதை தெரிந்ததுதான். தண்டியடிகள் திருவாரூரில் பிறவியிலேயே பார்வையில்லாதவர். கோயில் குளம் தூர்ந்து சுருங்குகிறது. அதைத் தோண்டிப் பெரிதாக்க நினைக்கிறார். குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நடுகிறார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டுகிறார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கரையில் கொட்டிவிட்டு, அதையே தடவிக்கொண்டு திரும்பி இறங்குகிறார். வேலை நடக்கிறது. சுற்றியிருந்த சமணர்கள் சிற்றுயிர்கள் சாகும் என்று தடுக்கிறார்கள். அவர் கேட்காதபோது மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கி, கம்பையும் கயிற்றையும் பறித்து எறிகிறார்கள். பிறகு கனவு, அரசன், வழக்கு. முடிவில் தண்டியடிகள் குளத்தில் மூழ்கி எழும்போது கண் பெறுகிறார். எதிரே நின்ற சமணர்கள் கண் இழக்கிறார்கள்.

இரண்டு மதங்களுக்கிடையே நிலவிய பகையின் சுவடு கதையில் வெளிப்படையாக இருக்கிறது. அதைப் படிக்கிறவன் அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். என் கவனம் வேறிடத்தில். தண்டியடிகளின் பிரச்சினை கயிற்றோடு தீர்ந்துவிட்டது. அவர் கண் கேட்டுக் குளத்தங்கரைக்கு வரவில்லை. வேலை செய்ய வந்தார். வேலைக்கு என்ன வேண்டும் என்று யோசித்தார். இரண்டு கம்பும் ஒரு கயிறும் போதும் என்று கண்டார். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி கயிற்றைப் பறித்தது. அதற்கு நேரான பரிகாரம் கயிற்றைத் திரும்பக் கட்டிக் கொடுப்பது. அந்த இடத்தில் கதைக்கு நிற்கத் தெரியவில்லை. கண்ணைக் கொடுத்தால்தான் கதை நிறைவடைகிறது. பார்வையில்லாத ஒரு மனிதர் பார்வையில்லாமலே தம் குளத்தைத் தோண்டி முடித்தார் என்று முடித்தால் நமக்கு ஏதோ பாக்கியிருப்பதுபோல் படுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. இவர் வெட்கமில்லாமல் சுமந்துகொண்டிருந்த ஒன்று, கடைசியில் எதிரிக்குத் தண்டனையாகக் கொடுக்கப்படுகிறது. தண்டனையாகக் கொடுக்கத் தகுந்தது என்று ஆன பிறகு, அதோடு பிறந்தவனைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்?

அதே புராணத்தில், சிதம்பரம் கோயிலில், நந்தன் கதையும் இப்படித்தான் முடிகிறது. உள்ளே வர வேண்டுமென்றால் தீயில் மூழ்கி வேறொரு உருவத்தோடு எழுந்து வர வேண்டும். சாதியும் ஊனமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரண்டுக்கும் அநியாயம் செய்வது. ஆனால் வாசல் ஒன்றுதான். நீ மாறி வா, வாசல் மாறாது என்று அது சொல்கிறது. நடராஜரின் காலடியில் கிடக்கும் முயலகனையும் சேர்த்துக்கொள்ளலாம். குள்ள உருவம். வடமொழியில் அபஸ்மாரம், அது வலிப்பு நோயின் பெயர். தமிழிலும் முயலகன் ஒரு நோயின் பெயர்தான். கொல்லி மழவனின் மகளுக்கு வந்த முயலகனைச் சம்பந்தர் தீர்த்ததாக மரபு சொல்கிறது. உருவமும் நோயும் சேர்ந்து அறியாமைக்குக் குறியீடாகிவிட்டன. பழைய பக்தியை மட்டும் குறை சொல்லிவிட்டு நவீன இலக்கியக்காரர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. குருட்டுச் சமூகம், ஊமை ஜனங்கள், நொண்டி நியாயம் என்று நம் புதுக்கவிதையில் எத்தனை வரிகள்? ஒருவன் தினமும் வாழ்கிற உடம்பு மற்றவர்களுக்கு உவமையாக மட்டும் பயன்படும்போது, அவன் என்ன கேட்கிறான் என்பது காதில் விழாமல் போகிறது.

சட்டம் இந்த இடத்தில்தான் கதையிலிருந்து விலகுகிறது. ரீஸனபிள் அகாமடேஷன் என்ற கருத்து அமெரிக்காவில் முதலில் ஊனத்தைக் குறித்து வந்ததல்ல. தன் மதத்தின் ஓய்வுநாளை அனுசரிக்கிற தொழிலாளிக்கு முதலாளி எந்த அளவு இடம் கொடுக்க வேண்டும் என்பதற்காக 1972-இல் சட்டத்தில் நுழைந்தது. அங்கிருந்து ஊனமுற்றோர் சட்டங்களுக்கு வந்தது. 2006-இல் ஐ.நா. உடன்படிக்கையில் இடம் பெற்றது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. நம்முடைய 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை வரையறுத்திருக்கிறது. தேவையான, பொருத்தமான மாறுதல்கள். ஆனால் அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. பெயர் எப்படியிருந்தாலும் தமிழில் இதற்குக் கயிறு என்று அர்த்தம். ஆளை மாற்றாமல் அவன் நடக்கிற வழியை மாற்றுவது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சமத்துவத்தின் உள்ளடக்கமாகவே கண்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற கோளாறு உள்ள ஒருவருக்குத் தேர்வில் எழுத்தர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா என்பது பிரச்சினை. நாற்பது சதவீத ஊனம் என்ற சான்றிதழ் வரம்பைக் காட்டி அதை மறுக்க முடியாது என்று தீர்ப்பு. 2025 மார்ச்சில், பார்வையில்லாதவர்களை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதி ரத்தாயிற்று. தட்டச்சராக நீடிக்க முடியாது என்று நாங்கள் முடிவு செய்த மனிதர், சட்டத்தின்படி இன்று நீதிபதியாகவே இருக்கலாம்.

இதையெல்லாம் ஒரு முன்னேற்றக் கதையாகச் சொல்லி முடிக்க எனக்கு இஷ்டமில்லை. எனக்குள்ளேயே சில தடைகள் உண்டு.

முதல் தடை. ஊனம் என்பது உடம்பில் இல்லை, சமூகத்தின் அமைப்பில்தான் இருக்கிறது என்ற வாதம் 1976-இல் இங்கிலாந்தில் ஊனமுற்றவர்களே கூடி உருவாக்கியது. படி இருப்பதால்தான் நடக்க முடியாதவன் முடங்குகிறான். சாய்தளம் இருந்தால் முடங்குவதில்லை. பெரும்பகுதி உண்மை. முழு உண்மையா? படகில் அவரிடம் இதை விளக்கப் போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "விடியக்காலையில இந்தக் கழிமுகத்துல வானம் சிவக்கும் பாருங்க. அது எனக்கு இல்ல. அதுக்கு எந்தச் சட்டமும் ஒண்ணும் பண்ண முடியாது ஸார். பண்ண முடிஞ்சதப் பண்ணலியே, அதுதான்" என்றார். இழப்பு வேறு, அநீதி வேறு. இழப்பு உண்டு என்பதை ஒப்புக்கொண்டால் அநீதி குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. இரண்டையும் குழப்பியதுதான் எங்கள் ஆபீஸ் செய்தது. அவருடைய இழப்பைப் பார்த்து மனமுருகிக்கொண்டே அநீதியைச் செய்து முடித்தோம்.

இரண்டாவது தடை இன்னும் கடினமானது. ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக் கொடுத்தார். விசைகளின் சத்தத்தை வைத்தே எந்தப் பையன் எந்த விரலைத் தவறாகப் போடுகிறான் என்று சொல்லிவிடுவாராம். தட்டச்சு இயந்திரங்கள் மறைகிற வரைக்கும் அந்த வேலை இருந்தது. இதைக் கேட்டபோது, பார்த்தாயா, எவ்வளவு திறமையானவரை அனுப்பிவிட்டோம் என்று என் மனம் வருந்தியது. அந்த வருத்தத்தைச் சற்று நிறுத்திப் பரிசோதித்தேன். அவர் ஒரு திறமையும் இல்லாமல் கிள்ளையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் செய்தது குறைந்த தவறா? உபயோகமானவர் என்று நிரூபித்த பிறகுதான் உரிமை வருகிறதென்றால், அது உரிமையல்ல, நல்ல வியாபாரம்.

ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லை மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தார். கௌரவத்தைக் கருதிச் செய்த காரியம்; பலருக்கு அது கௌரவத்தைக் கொடுத்தும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் ஒரு கணக்கு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று போனால் அதற்கு மாற்றாக இன்னொன்று இருந்தாக வேண்டும் என்ற கணக்கு. மாற்றுத் திறன் ஏதுமில்லாத ஒரு சாதாரண மனிதனுக்கு அங்கே என்ன இடம்? கண்ணுள்ள தட்டச்சர்களில் சுமாரானவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களை யாரும் சாதனையாளராக இருக்கும்படி கேட்கவில்லை. சுமாராக இருக்கிற உரிமைகூடச் சமத்துவத்தில் அடங்கும்.

தத்துவவாதிகளும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். நீதியான சமூகத்தின் அடிப்படை ஒப்பந்தத்தைக் கற்பனை செய்த ஜான் ரால்ஸ், அதில் கலந்துகொள்கிறவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் சமூகக் கூட்டுறவில் முழுமையாகப் பங்கெடுக்கக் கூடியவர்கள் என்று வைத்துக்கொண்டார். மற்றவர்களைப் பற்றிய கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். மார்த்தா நுஸ்பாம் 2006-இல் வந்த தம் நூலில் இந்தத் தள்ளிவைப்பையே குறையாக எடுத்துக்காட்டினார். வீட்டைக் கட்டி முடித்த பிறகு சாய்தளத்தைப் பற்றி யோசிக்கிற காரியம் இது. நம் அரசாங்கமும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1977-இல் மத்திய அரசு ஊனமுற்றோருக்கு 3 சதவீத இடம் ஒதுக்கியபோது அது கீழ்மட்டமான சி, டி பிரிவுப் பணிகளில் மட்டும்தான். இன்றைய சட்டம் 4 சதவீதம் என்கிறது. 7 வகையாக இருந்த ஊனம் 21 வகையாக விரிந்திருக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டு வாசலில் இன்றும் ஒரு டாக்டர் நின்று, நீ எத்தனை சதவீதம் குறைந்தவன் என்று அளந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத் தவிர்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தவிர்க்க முடியாதது என்பதால் கூச்சமில்லாமல் அதைச் செய்யலாம் என்றும் ஆகாது.

மூன்றாவது, சட்டத்தின் கை எட்டாத இடம். அன்று எங்கள் படகு திரும்பிய வளைவில், இருளர்கள் நீருக்குள் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கலங்கிய தண்ணீர். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, விரல்தான் பார்க்கிறது. எந்த வேலைக்குக் கண் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது நாம் ஆபீஸில் உட்கார்ந்து தீர்மானிக்கிற அளவுக்கு எளிதான விஷயமில்லை என்பதற்கு இது போதும். ஆனால் அந்த விரல் போனால் என்ன செய்வார்கள்? 20-ஆவது பிரிவின் கடமைகள் அரசு நிறுவனங்களைத்தான் குறிக்கின்றன. தனியார் நிறுவனங்களுக்குச் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டிய கட்டாயமும், ஊக்கச் சலுகைகளும் உண்டு. முதலாளியே இல்லாத இருளருக்கும், படகுக்காரருக்கும், பண்ருட்டியில் வீட்டுத் திண்ணையில் முந்திரி உடைக்கிற பெண்ணுக்கும் கயிறு கட்டிக் கொடுக்க யாருக்குக் கடமை? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் 2.68 கோடிப் பேர் ஊனமுற்றோராகக் கணக்கிடப்பட்டார்கள்; தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 11.8 லட்சம். இவர்களில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யூகிக்கக் கஷ்டமில்லை.

இதிலும் ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது. 2005-இல் வந்த கிராமப்புற வேலை உறுதிச் சட்டத்தின் கீழ், ஊனமுற்றவர் 4 மணி நேரம் வேலை செய்தால் முழுக் கூலி என்று தமிழக அரசு 2012-இல் ஆணை பிறப்பித்தது. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள் அவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டன. நடைமுறையில் அதற்காகப் பல ஊர்களில் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த ஆணையின் சிந்தனை எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. ஒரு நாள் வேலை என்பது எவ்வளவு என்ற கேள்விக்கு, திடகாத்திரமான ஒருவனின் உடம்பை வைத்தே எப்போதும் பதில் சொல்லிவந்திருக்கிறோம். அந்த அளவுகோலும் யாரோ செய்துவைத்தது, மாற்றலாம் என்று ஓர் அரசாணை ஒப்புக்கொண்டது. நம்முடைய கவிதைகளில் பலவற்றுக்கு இந்தத் துணிச்சல் இல்லை.

இனி ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதிலை நான் கண்டுபிடிக்கவில்லை, அவர்தான் சொன்னார். படகு திரும்பிக்கொண்டிருந்தபோது, "அந்தக் குறிப்பை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும் ஸார். கையெழுத்துப் போட விரலப் புடிச்சு வச்சது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"கோபம் வரலியா?"

சற்று நேரம் துடுப்புச் சத்தம் மட்டும் இருந்தது. "எப்படி ஸார் வரும்? எல்லாரும் அவ்வளவு நல்லா நடந்துகிட்டீங்க. எனக்காக வேலைய பங்கு போட்டுச் செஞ்சீங்க. அழுதீங்க. அதுக்கப்புறம் நான் என்னத்தக் கேக்க முடியும்? யாராவது ஒருத்தர் படிச்சுக் காட்டுங்கன்னு கேக்கணும்னு தோணிச்சு. வாய் வரல. ஏற்கெனவே இவ்வளவு பண்றாங்களே, இன்னும் கேக்கிறதான்னு."

கருணை அநியாயமாக மாறுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அது எவ்வளவு கொடுத்தாலும், எதிரே இருப்பவனிடமிருந்து கேட்கும் வாயை எடுத்துக்கொள்கிறது. வாங்கிக்கொண்டிருப்பவன் இன்னொன்று வேண்டும் என்றோ, இது வேண்டாம் வேறு வேண்டும் என்றோ சொல்ல முடியாது. சொன்னால் நன்றியில்லாதவன். நாங்கள் கொடுத்ததெல்லாம் எங்களுக்குத் தோன்றியவை. அவருக்கு வேண்டியிருந்தது என்ன என்று தெரிந்துகொள்ள அவரைக் கேட்டிருக்க வேண்டும். உரிமை என்பது குளிர்ச்சியான சொல். அதில் கண்ணீர் இல்லை, சால்வை இல்லை. ஆனால் அது இருந்திருந்தால் அவர் எங்கள் நல்ல மனதைப் பற்றிக் கவலைப்படாமல், தலை நிமிர்ந்து, எரிச்சலோடுகூட, எனக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். நாங்கள் அவரை வெறுத்திருக்கவும் கூடும். வெறுத்துக்கொண்டே படித்துக் காட்டியிருப்போம். அவர் வேலையில் இருந்திருப்பார்.

கருணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் மட்டும் இருக்கிற ஆபீஸில் உபரிப் பணியிடம் என்ற பெயரில் ஒருவரை மூலையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஃபைல் ஒன்றும் கொடுக்காமல் மாதாமாதம் சம்பளம் கொடுக்க முடியும். அது சட்டப்படி சரி. அந்த மனிதர் அங்கே இருக்கிறாரா என்றால், இல்லை. அவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசிப்பதற்குச் சக மனிதன்மீது கவனம் வேண்டும். அந்தக் கவனத்தைக் கருணை என்று அழைப்பதானால் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் கயிறு, அதைக் கட்டுகிற கை அன்பானதாகவும் இருந்தால் நல்லது.

படகுத்துறையில் இறங்கும்போது நான் பரபரத்து அவர் தோளைப் பிடித்தேன். "விடுங்க ஸார், கைய மட்டும் கொடுங்க. நான் புடிச்சுக்கறேன்" என்றார். நான் அவரைப் பிடிப்பதும் அவர் என்னைப் பிடித்துக்கொள்வதும் ஒன்றல்ல என்பது அந்த ஒரு படியில் தெரிந்தது.

1998-ஆம் ஆண்டின் அந்த ஃபைல் இந்நேரம் அழிக்கப்பட்டிருக்கும். ஒரு நாளைக்கு அதைத் திரும்ப என் மேஜையில் வைத்தால் என்ன எழுத வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் தேவையில்லை: தட்டச்சர் தம் பணியில் தொடரலாம். வரைவுகளை அவருக்கு வாசித்துக் காட்ட ஒருவர் நியமிக்கப்பட வேண்டும்; யாரை என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.